ஐந்தாவது ஆளுக்கு எந்தக் கதவு?

இடது மணிக்கட்டில் வலதுகை விரல் மூன்றை வைத்து, கண்ணை வேப்பமரத்து உச்சியில் எங்கோ நிறுத்தி, பாக்கியவதி தன் நாடியைத் தானே எண்ணிக்கொண்டிருக்கிறார். பதினொன்று, பன்னிரண்டு. எதிரே பத்துப் பதினைந்து பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கேள்வி கேட்டாகிவிட்டது, பதில் வரவில்லை. இருபது, இருபத்தொன்று. புதிதாகப் பார்க்கிறவர்கள், சிஸ்டருக்குத்தான் ஏதோ செய்கிறது போல என்று பதறுவார்கள். பழகியவர்கள் சோற்றைப் பிசைந்தபடியே யோசிப்பார்கள். கேள்வி கேட்டபின் முப்பது துடிப்பு முடியும்வரை தான் வாயைத் திறப்பதில்லை என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதற்குள் யாராவது ஒருத்தி பேசிவிடுவாள். பேசாவிட்டால் இன்னொரு முப்பது.

"ஊசி போடுறது சுலபம். தைக்கிறது சுலபம். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறதுதான் எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியும்" என்பார்.

திருத்தங்கலைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பட்டாசு ஆலையில் அவர் முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்கிறார். வயது ஐம்பத்துநான்கு. குட்டையான உருவம், வேகமான நடை. ஆலைக்குள் எல்லோரையும் போல வெறுங்காலோடுதான் நடப்பார். நூல் சேலைக்கு மேலே ஒரு வெள்ளைக் கோட்டு. அதன் பையில் பஞ்சு, கத்தரிக்கோல், கூடவே ஒரு சின்னப் பாட்டிலில் எலுமிச்சங்காய் ஊறுகாய். யார் சட்டியில் வெறும் சோறும் மோரும் இருக்கிறதோ அவர் பக்கம் அந்தப் பாட்டில் சத்தமில்லாமல் நகரும். கட்டுப் போடும்போது மூக்குக்குள் ஒரு கீர்த்தனையை முனகுவார். ராகம் சரியாக இருக்காது. அவருக்கும் அது தெரியும், நிறுத்தமாட்டார்.

இதற்கு முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் பத்தொன்பது வருடம் நர்சாக இருந்தவர். ஒவ்வொரு சீசனிலும் அங்கே கொண்டுவந்து போடப்பட்ட பெண்களைத் துணி ஒட்டாமல் எடுத்து, வாழையிலையில் கிடத்தி, பெயர் கேட்டுக் குறித்துக்கொண்டவர். அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒருமுறை மட்டும், "வந்தபெறகு பாக்குறத விட, வராம பாக்குறது நல்லதுன்னு தோணுச்சு. அதான் இங்கன வந்துட்டேன்" என்றார்.

வீட்டுக்காரர் ஞானசீலன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பத்தொரு வருடம், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பிள்ளைகள் மூச்சுவிட இடம் கொடுக்காமல் பாடம் நடத்திய நல்ல மனிதர். தெருவில் யாராவது மணி கேட்டால், மணியைச் சொல்லி, அடுத்த பஸ் எப்போது என்பதையும் சொல்லி, அதைப் பிடிக்க எவ்வளவு வேகமாக நடக்கவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். மனைவி சாப்பாட்டு மேசையில் ஏதாவது கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்குப் பொறுக்காது. "நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லி ரெண்டு நிமிஷம் ஆச்சு, இன்னும் எதுக்கு எண்ணுற?" என்பார். "நீங்க யோசிச்சுச் சொன்னீகளான்னு பாக்கேன்" என்பார் இவர்.

உண்மையைச் சொன்னால், முன்பு இவரும் வாத்தியாருக்கு இளைத்தவர் இல்லை. ஆலையில் சேர்ந்த புதிதில் வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து வழவழப்பான அட்டைகளில் பாடம் எழுதிக்கொண்டு வந்தார். பாலியஸ்டர் சேலை ஏன் கூடாது, இரும்புக் கரண்டி ஏன் கூடாது, ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு, கலர் பென்சிலில் அம்புக்குறி போட்டு விளக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் அட்டையைத் தொங்கவிட்டு அவர் நடத்திய பாடத்தைப் பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். தலையை ஆட்டினார்கள். மறுநாளும் பாலியஸ்டர் சேலையிலேயே வந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். அதைத் தப்பு என்று இன்றைக்கு அவரே சொல்கிறார், நாம் சொல்லவில்லை.

ஏழாம் ரூம் என்பது பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற இடம். பட்டாசுக்குள் அடைக்கும் ரசாயனத் தூளை இந்தப் பக்கத்தில் எல்லோரும் மருந்து என்றுதான் சொல்வார்கள். அறை சின்னது, நாலு பக்கமும் கதவு. வாசலுக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் அறை எண், மருந்தின் அளவு, ஆட்கள் நான்கு என்று எழுதியிருக்கும். உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியவதி வாசலில் நின்று இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். தீக்காயப் பிரிவின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. நேரே ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் போர்மேன் இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டுச் சத்தம்போட்டார். மறுநாள் காலையில் ஏழாம் ரூமில் நான்கு பேர் இருந்தார்கள். பாக்கியவதி கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஞ்சு வெட்டப் போனார்.

குறைந்துபோன ஐந்தாவது ஆள் செல்லக்கனி. மல்லாங்கிணறுப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வந்துகொண்டிருந்தவள். புருஷன் லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து, இடுப்பு போய்ப் படுத்த படுக்கை. பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் இரண்டு. மறுவாரம் வேறொரு பெண்ணின் பேச்சிலிருந்துதான் அவளுக்கு வேலை போனதும் இந்த நிலைமையும் பாக்கியவதிக்குத் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறி அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனார்.

வீட்டில் ஒரே ஒரு அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே கட்டில். அடுப்புக்கு மூன்று முழம் தள்ளி, சாக்கு நிறைய உதிரி வெடிகள். செல்லக்கனியும் பெரிய மகளும் தரையில் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஏஜெண்டு கொண்டுவந்து கொடுத்த வேலை. வீட்டில் வைத்துச் செய்யக் கூடாத வேலை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

பாக்கியவதி அங்கேயும் பாடம் நடத்த வாயைத் திறந்தார். செல்லக்கனி கையை நிறுத்தாமல் பேசினாள்.

"நீங்க படிச்சவுக சிஸ்டர். போர்டுல நாலுன்னு போட்டிருக்கது உங்களுக்குத் தெரிஞ்சுது. இங்கன அஞ்சாவதா ஒருத்தி எதுக்கு ஒடுங்கி உக்காந்திருக்கான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

பாக்கியவதி அடுப்பருகே போனார். கொதிக்கிற உலையை இறக்கி வைத்தார், அடுப்பை அணைத்தார். "பஸ்ஸு போயிரும், கெளம்புங்க" என்றாள் செல்லக்கனி. அதில் கோபம்கூட இல்லை என்பதுதான் இவருக்கு இன்றுவரை ஆறவில்லை.

அட்டைப் பாடம் அந்த வாரத்தோடு நின்றது. நாடி எண்ணுகிற பழக்கம் அந்த வாரத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் கேள்வியைச் சேலையில் தொடங்கினார். "நைலக்ஸ் சேலைய பனி நாள்ல கழட்டிருக்கீகளா? எப்படி இருக்கும்?" அவ்வளவுதான் கேட்டார். முப்பது துடிப்பு ஓடியது. அப்புறம் அழகுமீனா பேசினாள். ஏழாம் ரூமிலேயே வேகமான கை அவளுடையது. வாயும் அப்படித்தான்.

"சடசடன்னு கேக்கும் சிஸ்டர். கை முடியெல்லாம் எந்திரிச்சு நிக்கும். ஒருநா இருட்டுல கழட்டயில பொடிசு பொடிசா வெளிச்சங்கூடத் தெரிஞ்சுது."

"வெளிச்சமா?" என்றாள் இன்னொருத்தி. "அப்ப அது பொறில்ல?"

ஒவ்வொருத்தியும் தன் முந்தானையைப் பார்த்துக்கொண்டாள். பாக்கியவதி அன்றைக்கு வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் பாதிப் பேர் நூல் சேலைக்கு மாறியிருந்தார்கள். அட்டையில் கலர் பென்சிலால் தான் எழுதியிருந்ததை விட அந்தப் 'பொடிசு பொடிசான வெளிச்சம்' நன்றாக இருந்ததாக அவரே வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டார். வாத்தியார், அதற்கு நிலைமின்சாரம் என்று பெயர் என்றார்.

பிறகு மெல்ல மெல்ல, கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்விக்கு வந்தார். "ரூமுக்கு நாலு பேருன்னு ஏன் போட்டிருக்காக?"

"கெவருமெண்டு ரூல்சு" என்றாள் ஒருத்தி. "நெரிசலா இருந்தா வேல ஓடாதுல்ல" என்றாள் மற்றொருத்தி. இவர் எண்ணிக்கொண்டேயிருந்தார். அன்றைக்கு மணியடித்துவிட்டது. எல்லோரும் சட்டியைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் அழகுமீனாதான் ஆரம்பித்தாள்.

"நேத்துக் கேட்டீகள்ல. ராத்திரியெல்லாம் அதுதான். ரூமுக்குக் கதவு நாலு இருக்கு சிஸ்டர். ஆளுக்கு ஒரு கதவு. நான் கெழக்க பாத்து உக்காந்தா கெழக்குக் கதவுல ஓடணும்."

"சரி" என்றார் பாக்கியவதி. அந்த ஒரு சொல்கூட நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னதுதான்.

"அப்ப செல்லக்கனி அக்கா எந்தக் கதவுல ஓடிருக்கும்?"

பாக்கியவதி எண்ணவும் மறந்துவிட்டார்.

அதன்பிறகு ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி தொட்டுச் சொல்லச் சொல்லத்தான் அவருக்குத் தெரியவேண்டியது தெரிந்தது. ஏழாம் ரூமின் நால்வரும் ஐந்தாவது ஆளைச் சேர்த்துக்கொண்டது ரூல் தெரியாததால் இல்லை. போர்டை அவர்கள் தினமும்தான் பார்க்கிறார்கள். ஊரில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால், ஆள் எடுக்கவில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டால், நால்வரும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு தங்களுக்கு நடுவில் ஒருத்திக்கு இடம் விடுவார்கள். அது இங்கே பல வருடத்துப் பழக்கம். போர்மேனைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வார்கள். சீசனில் சரக்குக் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று போர்மேனும் கண்டுகொள்ளமாட்டார். ஆக, இவர் போய் ஆபீசில் சொன்னது ஒரு குற்றத்தை இல்லை, ஒரு கருணையை. அந்தக் கருணையோ ஐந்து பேரையும் ஒரு பொறியின் பக்கத்தில் உட்காரவைக்கிற கருணை. ஒன்று ரூமில் நெரிசல், இல்லாவிட்டால் செல்லக்கனியின் அடுப்படியில் வெடிச்சாக்கு. இரண்டும் வேண்டாமென்றால் என்ன செய்வது?

"நாம அவளுக்கு எடங் குடுத்தோம். கதவு குடுக்கலயே" என்று பாண்டிலட்சுமி முனகினாள். நால்வரில் மூத்தவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊறுகாய்ப் பாட்டிலை அவளே எடுத்துத் திறந்தாள்.

இதன்பிறகு அந்த மரத்தடி பத்து நாள் பட்டபாடு சொல்லி முடியாது. ஒருத்தி சொன்ன யோசனையை இன்னொருத்தி அடித்துப்போட்டாள். தனியாக ஒரு ரூம் கேட்கலாம் என்றார்கள், கிடைக்காது என்றார்கள். செட்டு என்று சொல்கிற கொட்டகையில் பெட்டி மடக்குகிற வேலையைச் செல்லக்கனிக்குக் கேட்கலாம் என்றார்கள். அங்கே மருந்தும் கிடையாது, ஆபத்தும் கிடையாது. ஆனால் கூலி குறைவு. "கஷ்டப்பட்டவளுக்கே கொறஞ்ச கூலியா? நல்லாருக்கே ஞாயம்" என்று பாண்டிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழகுமீனாவுக்கும் அவளுக்கும் இரண்டு நாள் பேச்சே இல்லை. பாக்கியவதிக்கு ஒரு வழி தெரிந்துதான் இருந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசியில் அதை அழகுமீனாதான் சொன்னாள். "செல்லக்கனி அக்கா மட்டும் எதுக்கு? நாம அஞ்சு பேரும் மாத்தி மாத்தி செட்டுக்குப் போவோம். தெனம் ஒருத்தி. ரூம்ல நாலு பேரு."

பாக்கியவதி வீட்டுக்கு வந்து, பழைய பாட அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். வாரத்துக்கு வேலைநாள் ஆறு, ஆள் ஐந்து. சனிக்கிழமை இடித்தது. ஞானசீலனைக் கூப்பிட்டார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அட்டவணை போட்டார். முதல் வாரம், இரண்டாம் வாரம், ஐந்து வாரச் சுற்று, ஞாயிறு தவிர்த்து, விடுமுறை கழித்து என்று ஒரு பக்கம் நிறைந்தது. மறுநாள் அதை மரத்தடியில் விரித்தபோது பாண்டிலட்சுமி சிரித்துவிட்டாள்.

"வாரம்னு எதுக்கு சிஸ்டர் பாக்கணும்? தெருக்கொழாயில கொடம் வைக்கோம்ல, அதேதான். ரொம்புன கொடம் வெலகுனா அடுத்த கொடம் முன்னுக்கு வரும். அதுக்கு என்ன திங்கக்கெழம, சனிக்கெழம?"

வாத்தியாரிடம் இதைப் போய்ச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வீட்டில் அவர் முப்பது துடிப்புக்கு மேல் மௌனமாக இருந்தது அன்றைக்குத்தான்.

போர்மேனிடம் பேச நால்வரும் கிளம்பினார்கள். பாக்கியவதியும் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அழகுமீனா தடுத்துவிட்டாள். "நீங்க வராதீக சிஸ்டர். நீங்க வந்தா அண்ணாச்சி உங்ககிட்டயே பேசுவாக. எங்களப் பாக்கவே மாட்டாக." அவர் உட்கார்ந்துவிட்டார். முதலுதவி அறை ஜன்னல் வழியாக இசக்கிப்பாண்டி கையை ஆட்டுவதும், இவர்கள் நகராமல் நிற்பதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. பிற்பாடு கேள்விப்பட்டதுதான். "முன்ன அஞ்சு பேரு போட்ட சரக்க நாலு பேரு போடுவீகளா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "போடமாட்டோம் அண்ணாச்சி. ஒடுங்கிக்கிட்டு அடைக்கயில எத்தன சட்டி ஒடஞ்சு கழிவுல போச்சுன்னு நீங்களே பாருங்க. செட்டுலயும் ஆள் பத்தலன்னு நீங்கதான சொன்னீக" என்று பாண்டிலட்சுமி சொல்லியிருக்கிறாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். மேனேஜரிடம் பேசுவதும் அவர் பொறுப்பு என்று எழுதாத ஒப்பந்தம்.

திங்கட்கிழமை வேனில் செல்லக்கனி வந்து இறங்கினாள். முதல் நாள் செட்டுக்குப் போகவேண்டியது அவள்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அழகுமீனா தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு செட்டைப் பார்த்து நடந்தாள். அட்டையின் பின்பக்கம் ஐந்து பெயர்களோடு செட்டுச் சுவரில் தொங்கியது. ஒரு மாதம் என்றது மூன்று மாதமாயிற்று. ஏழாம் ரூமைப் பார்த்து ஒன்பதாம் ரூமும் ஆரம்பித்தது. செல்லக்கனி மரத்தடிக்கு வருவாள், சாப்பிடுவாள், கேள்விக்கு மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பாக்கியவதியிடம் மட்டும் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். இவரும் அதற்காக அவளை வற்புறுத்தவில்லை.

புரட்டாசியில், சீசன் உச்சத்தில், ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். இளவயது, கறாரான முகம், கையில் படிவங்கள். ரூம் ரூமாகப் பார்த்துவிட்டு, செட்டுச் சுவரில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே முதலுதவி அறைக்கு வந்தார். பின்னால் இசக்கிப்பாண்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளே செல்லக்கனி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டி விளிம்பு அறுத்த விரலுக்குப் பாக்கியவதி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழாம் ரூம் போர்டுல நாலு பேருன்னு இருக்கு. இதுல அஞ்சு பேரு எழுதியிருக்கு" என்றார் அதிகாரி. "ரூமுக்குள்ள உண்மையில எத்தனை பேர் உக்காருறாங்க? நீங்க படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்கன்னு சொன்னாங்க. நீங்களே சொல்லிடுங்க. நான் எழுதிக்கிறேன்."

அதே கேள்வி. அதே ரூம். கொஞ்சம் பிசகினாலும் ஐந்தாவது பெயரை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடிபட்டால் மல்லாங்கிணற்று அடுப்படியில் மறுபடியும் சாக்கு வந்துவிடும். பாக்கியவதிக்கு எல்லாம் தெரியும். குடத்து வரிசை தெரியும், நாலு கதவு தெரியும், உடைந்த சட்டிகளின் கணக்குகூடத் தெரியும். அழகாக, கோர்வையாக, ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடவும் முடியும். அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டார். இசக்கிப்பாண்டி கண்ணாலேயே கெஞ்சினார். செல்லக்கனி தலையை நிமிர்த்தி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, இவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பாக்கியவதி கட்டின் நுனியை முடிச்சுப்போட்டு நறுக்கினார். எழுந்தார். அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியான தன் நாற்காலியைத் தூக்கி அதிகாரிக்கு நேர் எதிரே போட்டு, செல்லக்கனியை அதில் உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.